குளத்து மீனுக்கு ஏன் மண் மணக்கிறது? வன்னியின் சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்களையும் வாசிகசாலைகளையும் நடத்திவரும் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் வாசிகசாலையின் வெளிச்சுவரில், வீதியால் போகிறவர் சைக்கிளில் இருந்து இறங்காமலே வாசிக்கக்கூடிய உயரத்தில், ஒரு கரும்பலகை வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை அதில் ஒரு சங்கதி எழுத வேண்டும். அறிவியலைப் பற்றியது, இயற்கையைப் பற்றியது. வாசிக்கிறவர் "உண்மையாகவோ?" என்று நின்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தானே சோதித்துப் பார்க்கக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

நான் இறைப்பு இயந்திரம் திருத்துகிறவன். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய குளத்துக்குக் கீழே வீடு. பின்னேரங்களில் வேலை முடிந்து குளக்கட்டில் கூடுகிற ஐந்து பேரில் நானும் ஒருவன். ஒருவர் மிளகாய்த் தோட்டக்காரர். ஒருவர் டிப்பர் ஓட்டுகிறார். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'ஐயா'தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து இங்கே பெண் எடுத்து வந்த தம்பி ஒருவர். ஆளுக்கு ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு இருந்தால் இருட்டும்வரை கதை ஓடும். அரசியல் கொஞ்சம், உரத்தின் விலை கொஞ்சம். மிச்சம் முழுக்க அதிசயச் சங்கதிகள். யாராவது ஒருவர் போனில் வாசித்ததைக் கொண்டுவருவார்: ஒக்டோபசுக்கு மூன்று இதயம், வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருடம் 225 நாள், ஆனால் அது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க 243 நாள். இப்படி.

இதெல்லாம் நல்ல சங்கதிகள்தான். ஆனால் ஒக்டோபசின் நெஞ்சைப் பிளந்து பார்க்க எங்களால் முடியாது, வெள்ளிக்குப் போகவும் முடியாது. கேட்டோம், வியந்தோம், அடுத்த நாள் மறந்தோம். எங்கள் கதையின் போக்கையே மாற்றியது ஒரு மீன் குழம்பு.

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்த அன்று குளக்கட்டில் மண் மணம் எழும்பியது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நாலு மாதம் காய்ந்து வெடித்த நிலத்தில் முதல் துளி விழும்போது வருகிற அந்த மணம். தோட்டக்காரர் மூச்சை இழுத்துவிட்டு, "நேற்று வீட்டில் சமைத்த திலாப்பியாவிலும் இதே மணம்தான் அடித்தது, என்னால் சாப்பிட முடியவில்லை" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஐயா சிரிக்கவில்லை. "அது இரண்டும் ஒரே பொருள்தான்" என்றார்.

உண்மைதான். அதன் பெயர் ஜியோஸ்மின். மண்ணிலும் நீரிலும் வாழ்கிற சில வகைப் பக்ரீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. காய்ந்த மண்ணில் மழைத்துளி விழும்போது நுண்ணிய குமிழ்கள் கிளம்பி அதைக் காற்றில் தூக்கி வருகின்றன. அதே பொருள் குளத்து நீரில் கரைந்து, செவுள் வழியாக மீனின் கொழுப்புக்குள் போய்த் தங்கினால் அதைத்தான் 'சேற்று மணம்' என்று முகம் சுளிக்கிறோம். பீற்றூட்டில் வருகிற மண் வாசமும் இதுவே. முதல் மழை மணத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கவில்லை. 1964இல்தான் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜோய் பெயார் (Bear), ரிச்சர்ட் தோமஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்குப் பெட்ரிக்கோர் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அதற்கு வெகு காலம் முன்பே மண்வாசம் என்று ஒரு சொல் இருந்தது.

மனித மூக்கு ஜியோஸ்மினை மோப்பம் பிடிக்கிற வல்லமை நம்ப முடியாதது. ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே போதும், நமக்குத் தெரிந்துவிடும். ஏன் பக்ரீரியா இந்த மணத்தை விடுகிறது என்பதற்கு 2020இல் ஒரு விளக்கம் வந்தது. மண்ணுக்குள் வாழ்கிற, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற துள்ளுப்பூச்சிகள் சில இந்த மணத்தைத் தேடி வந்து பக்ரீரியாவைத் தின்கின்றன. தின்றுவிட்டு அதன் வித்திகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகின்றன. பழம் மணம் விட்டு வௌவாலைக் கூப்பிடுகிற அதே வியாபாரம், காலுக்குக் கீழே.

அப்புறம் ஐயா சொன்னதுதான் எங்களை எழுப்பி உட்கார வைத்தது. "ஜியோஸ்மின் புளிப்பில் உடைந்துபோகும். அதனால்தான் குளத்து மீனுக்கு அம்மம்மா பழப்புளி கூடப் போட்டவா."

அன்றிரவே தோட்டக்காரர் வீட்டில் இரண்டு சட்டி வைத்தோம். ஒரே குளத்தில் ஒரே வலையில் பட்ட இரண்டு மீன். ஒன்றை வெட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசினோம். மற்றதைக் கெட்டியாகக் கரைத்த பழப்புளித் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வைத்தோம். இரண்டையும் உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்தோம். தோட்டக்காரரின் மகள், பத்து வயது, கண்ணை மூடிக்கொண்டு மணந்தாள். தண்ணீரில் கழுவியதை உடனே தள்ளிவிட்டாள். புளியில் ஊறியதில் இன்னும் கொஞ்சம் மணம் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்தப் பிள்ளை இப்போது மழை பெய்தால் வெளியே ஓடி வந்து, "பக்ரீரியா மணக்குது" என்கிறாள். பாடப் புத்தகத்தில் பக்ரீரியாவை அவள் இன்னும் படிக்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வியப்பூட்டும் சங்கதி தூரத்தில் இருந்து வரும்போது அது செய்தி. கைக்கெட்டும் தூரத்தில் இருந்து வரும்போது பிள்ளை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. வன்னியில் இப்படிக் கைக்கெட்டும் சங்கதிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஊருக்குச் சொல்ல ஒரு சுவர்தான் இல்லை.

மயிலை எடுங்கள். நம் வயல்களில் மயில் இல்லாத வயல் எது? நெல்லைக் கொத்துகிறது, பயற்றங்கொடியைக் கிளறுகிறது என்று திட்டுகிறோம், திட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ஆண் மயில் உதிர்த்த ஒரு பீலியை எடுத்துப் பாருங்கள். அந்தக் கண்ணில் இருக்கிற நீலமும் பச்சையும் சாயமே இல்லை. அந்த இறகில் நீலச் சாயம் ஒரு துளிகூடக் கிடையாது. உள்ளே இருப்பது மெலனின் என்ற கபிலநிறப் பொருள், நம் தலைமயிரைக் கறுப்பாக்குகிற அதே பொருள். அது மிக நுண்ணிய கம்பிகளாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. கம்பிகளுக்கு இடையில் உள்ள இடைவெளி எந்த ஒளிக்குப் பொருந்துகிறதோ அந்த நிறம் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. இடைவெளி ஒரு மயிரிழை மாறினால் நீலம் பச்சையாகும், பச்சை பொன்னிறமாகும். சவர்க்காரக் குமிழியில் வானவில் தெரிவதும் கிட்டத்தட்ட இந்த முறையில்தான். 1665இலேயே ரொபேர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் நுணுக்குக்காட்டியில் பீலியை வைத்துப் பார்த்து, நனைத்தால் நிறம் போய்விடுகிறது, ஆகவே இது சாயம் அல்ல என்று கண்டு எழுதினார்.

சோதிக்க நுணுக்குக்காட்டி வேண்டாம். பீலியைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள், நீலம் ஜொலிக்கும். இப்போது அதையே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி இறகுக்கு ஊடாக வரும்படி பாருங்கள். நீலம் இல்லை. காய்ந்த தேயிலைச் சாயம் மாதிரி ஒரு மங்கல் கபிலம். பீலியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், அதேதான். நான் இதை என் கடை வாசலில் வைத்துச் செய்து காட்டியபோது, மோட்டர் எடுக்க வந்த ஒருவர் தன் வேலையை மறந்து பத்து நிமிடம் பீலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது வருடமாக மயிலோடு வாழ்ந்தவர் அவர்.

தோட்டக்காரரின் பங்குக்குக் கிளி. மிளகாய்ச் செடியில் பழுத்ததைக் கிளி வந்து தின்றுவிட்டுப் போகும்போது, "இதுக்கு உறைக்காதோ?" என்று அவர் பலகாலம் கேட்டுக்கொண்டிருந்தார். உறைக்காது. மிளகாயில் உள்ள கப்சைசின் நம் நாக்கில், சூட்டை உணர்வதற்கென்று இருக்கிற ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. கொதிதண்ணீர் பட்டால் திறக்கிற அதே வாயில். ஆகவே மூளைக்கு 'எரிகிறது' என்று செய்தி போகிறது. உண்மையில் எதுவும் எரியவில்லை. இந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசுக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கும் அந்த வாயில் இருக்கிறது, ஆனால் கப்சைசினுக்கு அது திறப்பதில்லை. செடிக்கு இதில் நல்ல இலாபம். எலியும் அணிலும் கடித்தால் விதை அரைபடும். பறவை தின்றால் விதை முழுசாக வெளியே வந்து வேறெங்கோ முளைக்கும். உறைப்பு என்பது மிளகாய்ச் செடி போட்ட வேலி, கிளிக்கு மட்டும் கடப்பு வைத்த வேலி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். நம் கறிச்சட்டியில் ஆதிகாலம் தொட்டு இருப்பதாக நாம் நினைக்கிற செத்தல் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கேயர் காலத்தில்தான் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் நம்முடைய உறைப்பு மிளகு. அந்தக் கதையைச் சொல்லே வைத்திருக்கிறது: மிளகு மாதிரி உறைக்கிற காய், மிளகாய். பலகையில் எழுத இதைவிட நல்ல வரி எங்கே கிடைக்கும்? சோதனையும் சுலபம். காயைப் பிளந்து விதையைத் தனியாகவும், விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையைத் தனியாகவும் ஊசிமுனையளவு நாக்கில் வைத்துப் பாருங்கள். விதையில்தான் உறைப்பு என்று நினைத்திருப்பவர்களுக்கு அன்று ஒரு பாடம். பக்கத்தில் தயிர் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் உதவாது.

சொந்தபந்தச் சங்கதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், அவற்றுக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. புற்றில் இருக்கிற கறையான் எறும்புச் சாதி இல்லை, கரப்பான் பூச்சிச் சாதி. குளத்தில் கிடக்கிற முதலைக்கு உயிரோடு இருக்கும் விலங்குகளில் மிக நெருங்கிய சொந்தம் உடும்போ பல்லியோ அல்ல, அதன் முதுகில் வந்து நிற்கிற கொக்கு. மன்னார்க் கடலில் கடற்புல் மேய்கிற கடற்பசுவுக்கு மீனும் சொந்தமில்லை, திமிங்கிலமும் நெருங்கிய சொந்தமில்லை. காட்டில் நிற்கிற யானைதான் உறவு. முல்லைத்தீவுத் தம்பி இதை முதலில் நம்பவே இல்லை. நம்பிய பிறகு ஊருக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

புரட்டாதி, ஐப்பசியில் வயல்வெளியில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற மஞ்சள் தும்பியையும் விடமுடியாது. அந்த இனத்துத் தும்பிகள் ஒக்டோபரில் இருந்து மாலைதீவில் பெருந்திரளாக வந்து இறங்குவதைச் சார்ள்ஸ் அண்டர்சன் என்ற கடலுயிரியலாளர் கவனித்தார். முட்டையிடத் தேங்கிய நன்னீர் அங்கே இல்லை. அவை இந்தியாவில் இருந்து புறப்பட்டு, காற்றோடு இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆபிரிக்காவுக்குப் போகின்றன, அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வருகின்றன என்று 2009இல் அவர் எழுதினார். நாங்கள் சின்ன வயதில் வாலில் நூல் கட்டிய தும்பி அது. இப்போது என் கையால் அப்படிச் செய்ய முடியாது.

சரி, இனிக் கசப்பான பக்கம். எங்கள் கச்சான் கூட்டத்தில் வந்த எல்லாச் சங்கதியும் உண்மை இல்லை.

ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு செய்தி போனில் சுற்றி வரும்: "ஓகஸ்ட் 27 இரவு செவ்வாய் சந்திரனளவு பெரிதாகத் தெரியும், இனி உங்கள் ஆயுளில் பார்க்க முடியாது." ஒரு வருடம் நான் அதை நம்பினேன். முற்றத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளை இரவு பன்னிரண்டு மணிவரை விழிக்க வைத்தேன். சின்னவன் பாயிலேயே நித்திரையாகிவிட்டான். ஒன்றும் வரவில்லை. அந்தச் செய்திக்கு மூலம் 2003ஆம் ஆண்டு. அந்த ஓகஸ்ட் 27 செவ்வாய் பூமிக்கு மிகவும் கிட்ட வந்தது உண்மை, ஆனால் அப்போதும் அது ஏறக்குறைய 5 கோடியே 60 லட்சம் கிலோமீற்றருக்கு அப்பால்தான் இருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம், அவ்வளவுதான். சந்திரனின் அகலத்தில் எழுபதில் ஒரு பங்கு. யாரோ அரைகுறையாக வாசித்ததை எழுத, அது வருடாவருடம் உயிர்த்தெழுகிறது.

நான் ஐயாவிடம் வந்து கோபப்பட்டேன். அவர் கீழே குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளி என் கையில் வைத்தார். "செவ்வாயின் சிவப்பும் இதன் சிவப்பும் ஒன்று. இரண்டும் இரும்புத் துரு." அன்றைக்குப் போய்ச் சின்னவனின் கையில் அதே மண்ணை வைத்துச் சொன்னேன். அவன் அதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு 'செவ்வாய்' என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். பொய்ச் செய்தி ஒன்று அவனிடம் இருந்து ஒரு இரவைப் பறித்தது. மெய்ச் செய்தி இன்னும் அவன் மேசையில் இருக்கிறது.

அந்தப் பொய்யால் நட்டம் ஒரு இரவு நித்திரைதான். அடுத்தது அப்படி இல்லை, இதை எழுதும்போது கை கனக்கிறது.

சில வருடங்களுக்கு முன், காலபோக அறுவடை நேரம், எங்கள் அயலில் ஒரு பெடியனைப் புடையன் பாம்பு கடித்தது. விடியப்புறம் வரம்பில் நடக்கும்போது கணுக்காலுக்கு மேலே. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது: கடிவாயைப் பிளேட்டால் கீறி இரத்தத்தை ஓடவிட்டால் விஷம் இறங்கிவிடும், இது மருத்துவர்கள் மறைக்கிற இரகசியம் என்று. நாங்களும் அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தோம். ஓடிவந்தவர்களில் ஒருவர் அதை நம்பிக் கீறிவிட்டார். இரத்தம் நிற்கவே இல்லை. சாரத்தைக் கிழித்துக் கட்டினோம், கட்டு நனைந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் முதல் செய்த காரியம், கொஞ்ச இரத்தத்தை ஒரு சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் அசையாமல் நிற்க வைத்ததுதான். இருபது நிமிடம். பிறகு குழாயைச் சரித்துக் காட்டினார். தண்ணீர் மாதிரி ஓடியது. "சாதாரண இரத்தம் என்றால் இந்நேரம் கட்டியாகி இருக்க வேண்டும்" என்றார். புடையனின் விஷம் இரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களை ஒரேயடியாகத் தூண்டிவிட்டு, இருந்ததையெல்லாம் செலவழித்துவிடுகிறது. அதன் பிறகு உடம்பில் ஒரு சின்னக் கீறல் பட்டாலும் அடைக்க எதுவும் மிச்சமில்லை. அந்த உடம்பில்தான் நாங்கள் பிளேட் வைத்திருந்தோம். விஷமுறிவு மருந்து ஏற்றி, பல நாள் கிடந்து, பெடியன் பிழைத்துவிட்டான். அந்த மருந்து குதிரையின் இரத்தத்தில் இருந்து எடுக்கப்படுகிறது என்பதும், குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் கொடுத்துப் பழக்கி அதன் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பைத்தான் நமக்கு ஏற்றுகிறார்கள் என்பதும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. இன்னொன்றும்: இதே புடையனின் விஷத்தை மிக நீர்க்க வைத்து, இரத்தம் உறைவதில் சில கோளாறுகளைக் கண்டறிய ஆய்வுகூடங்களில் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணாடிக் குழாய், இருபது நிமிடம், சரித்துப் பார்ப்பது. இந்தச் சங்கதி ஒரு பலகையில் எழுதியிருந்தால், அதற்குக் கீழே 'கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்று இருந்திருந்தால், அன்று வந்த பத்துப் பேரில் ஒருவராவது அந்தக் கையைப் பிடித்திருப்பார். போனில் வந்த பொய்க்கு எதிராக ஊரில் எந்தச் சுவரும் பேசவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

வாசிகசாலை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வரவில்லை. என் அப்பு காலத்தில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பார், வாசிக்கத் தெரியாதவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள், இடையில் நிறுத்திச் சண்டை பிடிப்பார்கள், பிறகு திரும்ப வாசிக்கச் சொல்வார்கள். இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து, 2009க்குப் பிறகு திரும்பி வந்து பற்றை வெட்டிய ஊர்களில் மக்கள் முதலில் எழுப்பிய கட்டடங்களில் வாசிகசாலையும் ஒன்று. அந்த அக்கறை உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன். இன்று பல இடங்களில் காலையில் பேப்பர், பின்னேரம் கரம், மற்ற நேரம் பூட்டு. பூட்டியிருக்கும் நேரத்திலும் வெளிச்சுவர் வீதியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

"இது பள்ளிக்கூடத்தின் வேலை" என்று சிலர் சொல்வீர்கள். ஆசிரியர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூட மதிலுக்கு உள்ளே டிப்பர் ஓட்டுகிறவர் வருவதில்லை, மிளகாய் பிடுங்கப் போகிற அக்காமார் வருவதில்லை. அந்த அக்காமாருக்குத் தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்குள் போவதில்லை. முல்லைத்தீவுத் தம்பி ஒரு நாள் கொக்கிளாய்ப் பக்கத்துக் கறுப்பு மணல் ஒரு போத்தல் கொண்டுவந்தார். என் கடையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மணலுக்குள் விட்டோம். கறுப்பு மணிகள் மயிர்க்கொட்டி மாதிரிச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டின. அவருக்கு அது சின்ன வயது விளையாட்டு. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற் என்ற கனியம் இருக்கிறது, அதில் இருந்து ரைற்றேனியம் எடுக்கிறார்கள், அதன் ஒட்சைட்டுத்தான் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றையும் சில பற்பசையையும் வெள்ளையாக்குகிறது என்று ஐயா சொன்னபோது தம்பி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பில் இருந்து வெள்ளை. தம்பியின் விளையாட்டும் ஐயாவின் படிப்பும் ஒரே கல்லில் வந்து உட்கார்ந்ததால் கிடைத்தது இது. பலகை ஒன்று இருந்தால் ஊர் முழுக்க அந்தக் கல்லில் வந்து உட்காரலாம்.

செய்வதென்றால் எப்படி என்று எங்களுக்குள் கதைத்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். எழுதுவது ஐந்தாறு வரிக்கு மேல் போகக்கூடாது. ஊரில் கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றி இருக்க வேண்டும். கடைசி வரி எப்போதும் 'நீங்களே பார்க்க' என்று ஒரு சோதனை, காசு செலவில்லாதது. எழுதமுன் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவரிடமோ தாதியர், விவசாயப் போதனாசிரியர் போன்ற ஒருவரிடமோ காட்டிக் கேட்க வேண்டும். இதைவிட முக்கியமானது ஒன்று: பிழையாக எழுதிவிட்டால், அடுத்த வாரம் அதே பலகையில், அதே அளவு எழுத்தில், 'சென்ற வாரம் எழுதியது பிழை' என்று எழுத வேண்டும். போனில் வருகிற எந்தச் செய்தியும் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பலகை கேட்கட்டும்.

முடிந்தால் மாதத்தில் ஒரு இரவு வாசிகசாலை முற்றத்தில் பாய் விரியுங்கள். எங்கள் வானம் இன்னும் இருட்டாக இருக்கிறது, அது எங்களுக்குக் கிடைத்த சொத்து. மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்புகிற ஊரில், திருவாதிரை நட்சத்திரம் எது என்று கைநீட்டிக் காட்டத் தெரிந்த பிள்ளை எத்தனை? வேடன் மாதிரி நிற்கிற அந்தக் கூட்டத்தின் தோளில் இருக்கிற செந்நிற நட்சத்திரம் அது. 2019 கடைசியில் மங்கத் தொடங்கி 2020 பெப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியது. அது கக்கிய தூசு அதையே மறைத்தது என்பது ஆய்வாளர்கள் கண்ட காரணம். அதன் ஒளி இங்கே வந்து சேர 500 வருடத்துக்கு மேல் எடுக்கிறது. ஆகவே நாம் 2020இல் பார்த்த அந்த மங்கல், வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நடந்து முடிந்த சங்கதி.

செலவு பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒட்டுப்பலகை ஒன்று, கறுப்புப் பெயின்ற் ஒரு சின்ன ரின், சோக்கு ஒரு பெட்டி. எங்கள் ஊர் வாசிகசாலைக்கு அதை நாங்கள் ஐந்து பேரும் வாங்கித் தருகிறோம் என்று செயலாளரிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். மற்ற ஊர்களில் பலகை அடிக்கிறவர்கள் ஆணி, கொழுக்கி வேலைக்கு ஆள் தேவை என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன், பயணக் காசும் வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் பலகை ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. முதல் வாரத்துக்கு எழுத வேண்டியதைத் தோட்டக்காரரின் மகள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். ஐயா பார்த்து ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். அது இதுதான்:

"முதல் மழை மணமும் குளத்து மீனின் சேற்று மணமும் ஒன்று. அதன் பெயர் ஜியோஸ்மின். பக்ரீரியா செய்வது. புளியில் உடையும். நீங்களே பார்க்க: இரண்டு மீன் வாங்கி, ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றைப் பழப்புளியிலும் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அவித்து, கண்ணை மூடி மணக்கவும்."

அன்புடன்,
குளக்கட்டு நண்பர்கள் ஐவரில் ஒருவன்,
கிளிநொச்சி மாவட்டம்.